பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ரப்பர் தோட்டத்தின் பத்திரம். மகள் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். மஸ்கட்டில் இருக்கும் மாமா போனிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்: அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எம்.எஸ்., 40 லட்சம் கடன், மூன்றே வருடத்தில் அடைத்துவிடலாம். "பயப்பட ஒன்றுமில்லையே சார்?" என்று அப்பா கேட்டார்.

ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு நோட்டை மேசையில் வைத்தாள். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கம் 12 கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதியிருக்கிறாள். கல்லூரி புராஜெக்டுக்கு நான்கு கிணறு போதும். மீதி எட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அவளாகப் போய் அளந்தவை.

அண்ணாச்சி, இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். அந்தப் பத்திரம் வங்கிக்குப் போகக் கூடாது. கம்ப்யூட்டர் படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் வாரம் நான்கு பேர் என்னிடம் வருகிறார்கள். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தி இல்லை. அவளுக்குப் பிடிக்காத படிப்புக்காக நீங்கள் தோட்டத்தை அடகு வைப்பதை என்னால் ஆமோதிக்க முடியாது. மாமாவுக்கென்ன, வட்டி கட்டப்போவது அவர் இல்லையே.

இங்கே மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் எழுதும் கேட், நெட் தேர்வுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நம் பக்கத்தில் அதிகம் பேர் விசாரிக்காத ஒரு வழி இருக்கிறது: ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து படிப்பது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலத்தடி நீர், நதி, ஈரநிலம் என்று ஆராயும் பேராசிரியர்களுக்குத் திட்ட நிதி வருகிறது. தண்ணீர் மாதிரி எடுக்கவும் அளக்கவும் கணக்குப் போடவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் அவர்களிடம் படிக்கும் மாணவர்தான். வாரம் 20 மணி நேரம் வரையான வேலைக்குப் பதிலாக மாதச் சம்பளம் வரும், பல இடங்களில் மருத்துவக் காப்பீடும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் தள்ளுபடியாகும்; கனடாவில் பல இடங்களில் அதைச் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். பல நேரம் அந்த வேலையே ஆய்வேடாகவும் ஆகிவிடும். ஆய்வேடு எழுதும் எம்.எஸ்ஸுக்கும் பிஎச்.டிக்கும்தான் இது. வெறும் பாடம் படிக்கும் எம்.எஸ்ஸுக்கு அநேகமாகக் கிடைக்காது. மாமா சொன்னது அந்த இரண்டாவது வகை.

இதில் விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியரைப் பிடிக்க வேண்டும். அடுத்த ஆகஸ்டில் சேர வேண்டுமென்றால் பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே செப்டம்பரிலும் அக்டோபரிலும் மின்னஞ்சல் போயாக வேண்டும். "தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். கடலோர நிலத்தடி நீரில் வேலை செய்யும் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, பத்து வரி எழுதினால் போதும். உங்கள் மகளின் நோட்டு இங்கேதான் உதவும். கடலோரத்தில் நிலத்தடியில் உப்பு நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் கீழே எவ்வளவு போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நிறைய. சொந்த ஊர்க் கிணறுகளில் அளந்து வரைபடம் போட்டு அனுப்பும் மாணவி அரிது. அந்த வரைபடத்தைத்தான் இணைக்கச் சொல்வேன். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும்.

பணத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். பல்கலைக்கழகம் அனுப்பும் சலுகைக் கடிதத்தில் (ஆஃபர் லெட்டர்) கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, சம்பளம் ஒன்பது மாதமா பன்னிரண்டா, திட்டம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெளிவாக வேண்டும். "முதலில் வந்து சேருங்கள், நிதியைப் பிறகு பார்ப்போம்" என்று எழுதினால் போக வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி முயலலாம். அவசரப்படுத்தினாலும் பயப்படாதீர்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் தரும்போது ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டவை. அங்கே அரசு ஆய்வு நிதி இப்போது இறுக்கமாக இருப்பதால் கனடாவுக்கும் எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், விசா, விமான டிக்கெட், முதல் மாத வாடகை, பெரும்பாலும் இவ்வளவுதான் உங்கள் செலவு. கடை வருமானத்தில் தாங்கும்.

தண்ணீரைப் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று அவள் அம்மா கேட்டார். அது என் துறை இல்லை.

சனிக்கிழமை அவளை நோட்டோடு அனுப்புங்கள். முதல் மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நான் திருத்தித் தருகிறேன். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றாள். அதற்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.