முதல் தேர்வின் விலை

வணக்கம் ஐயா,

சார்லட் நகரில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் பணியாற்றுகிறேன். இங்கு வந்த பிறகு அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கி, இப்போது கரோலினா பாந்தர்ஸ் அணியின் தீவிர ரசிகனாகிவிட்டேன். 2023இல் டிராஃப்ட்டின் முதல் தேர்வைப் பெறுவதற்காக எங்கள் அணி சிகாகோ பேர்ஸுக்கு அள்ளிக் கொடுத்ததைப் பற்றி அலுவலகத்தில் இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இல்லாத அணிக்கு வேறு என்ன வழி என்கிறார்கள் சிலர். அந்தத் தேர்வில் எடுத்த பிரைஸ் யங்கை விட்டுவிட்டு சி. ஜே. ஸ்ட்ரௌடை எடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்கிறார்கள் வேறு சிலர். தவறு ஆளைத் தேர்ந்ததிலா, பேரத்திலா? இன்னொரு கேள்வியும் உண்டு. டிராஃப்ட்டில் அணிக்கு எந்த இடம் காலியோ அதை நிரப்ப வேண்டுமா, அல்லது இருப்பவர்களில் சிறந்தவரை எடுக்க வேண்டுமா?

கே., சார்லட்

அன்புள்ள கே.,

தவறு பேரத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்ட்ரௌடையே எடுத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராத வாசகர்களுக்காகச் சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அமைப்பின் 32 அணிகளும் கல்லூரி வீரர்களை ஆண்டுக்கொரு முறை, டிராஃப்ட் எனப்படும் நிகழ்வில், ஏழு சுற்றுகளில், வரிசை முறைப்படி எடுத்துக்கொள்கின்றன. முந்தைய ஆண்டு மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் இடம், கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி இடம். ஐபிஎல் ஏலத்தைப் போல் இங்கே பணத்தைக் கொட்டி ஒரு வீரரை வாங்கிவிட முடியாது. வரிசையில் கிடைக்கும் இடம்தான் சொத்து. அந்த இடத்தை மற்ற அணிகளுடன் மாற்றிக்கொள்ளலாம், அடுத்தடுத்த ஆண்டுகளின் தேர்வுகளையும் இன்றே கொடுத்துவிடலாம். பாந்தர்ஸ் செய்தது இதைத்தான்.

2023 மார்ச் 10 அன்று, டிராஃப்ட்டுக்கு ஏழு வாரங்கள் இருக்கும்போதே, பாந்தர்ஸ் தன்னிடமிருந்த 9ஆவது தேர்வையும் 61ஆவது தேர்வையும், 2024ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும், 2025ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வையும், இவை போதாதென்று எறியப்படும் பந்தைப் பிடிப்பதில் தன் தலைசிறந்த வைட் ரிசீவரான டி. ஜே. மூரையும் கொடுத்து முதல் தேர்வைப் பெற்றது. இதை எடைபோட, இத்துறையினர் எல்லோரும் அறிந்த ஒரு பட்டியல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் உருவான அது, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது: முதல் தேர்வுக்கு 3000, ஒன்பதாவதுக்கு 1350, அறுபத்தொன்றாவதுக்கு 292. கையில் இருந்த இரண்டு தேர்வுகளையும் கூட்டினால் 1642. மீதி 1358ஐ மூரும் வருங்காலத் தேர்வுகள் இரண்டும் ஈடுகட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமமாகக் கொள்வது பேரம் பேசுவோரிடையே நெடுநாளைய வழக்கம் என்பதால், தாளில் பார்த்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே வரும்.

என் மறுப்பு அந்த வழக்கத்தின் மீதுதான். அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு என்பது ஒரே விலையுள்ள பண்டம் அன்று. அதைக் கொடுக்கும் அணி அடுத்த ஆண்டு எத்தனை ஆட்டங்களில் தோற்கப்போகிறது என்பதைப் பொறுத்து அது 32ஆவதாகவும் இருக்கலாம், முதலாவதாகவும் இருக்கலாம். பாந்தர்ஸ் எந்த நிலையில் இருந்துகொண்டு அதைக் கொடுத்தது? 2022இல் ஏழு வெற்றி, பத்துத் தோல்வி. பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் மாட் ரூல் நீக்கப்பட்டார், கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டார். (பேர்ஸுக்குக் கைமாறிய அந்த 61ஆவது தேர்வே மெக்காஃப்ரிக்கு ஈடாக வந்ததுதான்.) புதிதாக வரும் இளம் குவார்ட்டர்பேக் பந்தை எறிய வேண்டிய மூரும் போய்விட்டால் அந்த அணி வெல்லுமா தோற்குமா என்று பேரம் முடிந்த அன்றே யாரும் கேட்டிருக்கலாம். பாந்தர்ஸ் 2023இல் இரண்டு ஆட்டங்களில் வென்று பதினைந்தில் தோற்றது. யங் 62 முறை சாக் செய்யப்பட்டார் (அதாவது, பந்தை எறியுமுன்பே எதிரணியால் வீழ்த்தப்பட்டார்), புதிய பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பருவம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டார். சிகாகோவில் மூர் 1364 கெஜம் சேர்த்தார். பாந்தர்ஸ் கொடுத்திருந்த 2024ஆம் ஆண்டுத் தேர்வு டிராஃப்ட்டின் முதல் தேர்வாகவே அமைந்து, பேர்ஸ் அதைக் கொண்டு கேலப் வில்லியம்ஸை எடுத்தது. ஒரு முதல் தேர்வை வாங்குவதற்கு இன்னொரு முதல் தேர்வையும் அதன்மேல் நான்கு சொத்துகளையும் கொடுத்ததாகக் கணக்கு முடிந்தது.

அடுத்து உங்கள் நண்பர்களின் வாதம். ஸ்ட்ரௌட் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதைப் பெற்றார், முந்தைய ஆண்டு மூன்றே ஆட்டங்களில் வென்றிருந்து, அவரை எடுத்த ஹியூஸ்டன் டெக்சன்ஸ் பத்து வெற்றிகளைப் பெற்றது, எனவே பாந்தர்ஸுக்கு ஆளை அளக்கத் தெரியவில்லை என்கிறார்கள். ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் 2013இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே இடத்தில் ஆடும் வீரர்களில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக விளங்கும் வாய்ப்பு 52 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். தேர்வாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வீரரின் கல்லூரி ஆட்டங்கள் அனைத்தையும் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள், பழைய பயிற்சியாளர்களிடம் விசாரிக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே எஞ்சுவது கிட்டத்தட்ட நாணயச் சுண்டல்தான். யங், ஸ்ட்ரௌட் என்று அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரு குவார்ட்டர்பேக்குகள் இந்த 52 விழுக்காட்டுக்குள் கச்சிதமாக அடங்குகிறார்கள். இரண்டாம் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த டெக்சன்ஸ், மிஞ்சியவரை ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் பெற்றுக்கொண்டது. முந்தித் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குப் பெரும் விலை கொடுப்பவர் தனக்கு அந்த வேறுபாடு தெரியும் என்று சாதிக்கிறார். அது இதுவரை எவருக்கும் நிலையாகத் தெரிந்ததில்லை.

இதற்கு எதிரான வலுவான சான்று ஒன்றும் அதே டெக்சன்ஸிடம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. ஸ்ட்ரௌடை எடுத்த கையோடு, 12ஆவது, 33ஆவது தேர்வுகளையும் 2024ஆம் ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் 105ஆவது தேர்வையும் பெற்று வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். பாந்தர்ஸைவிட மோசமான அணி, அதே வகை வாக்குறுதி. ஆண்டர்சன் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரரானார். அணி வென்றதால் கொடுத்த முதல் சுற்றுத் தேர்வு 27ஆவது இடத்துக்கு இறங்கியது. அவர்கள் வென்றது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் டிராஃப்ட் நாளன்று கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துச் சொன்னால் அதுவும் செய்யத் தகாத பேரம்தான். முடிவு நன்றாக அமைந்தது என்பதற்காக அதை நான் பாராட்டினால், பாந்தர்ஸைக் குறைசொல்லும் தகுதியை இழந்துவிடுவேன்.

பேரம் பேசி வரிசையில் மேலே ஏறுவதே கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. 2011ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்துக்கு அளவு வகுத்துவிட்டது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டாலர் உறுதியளிக்கப்பட்டது. மறு ஆண்டு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 22 மில்லியன்தான். யங்கின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 38 மில்லியன், அதே 2023இல் ஏற்கெனவே நிலைபெற்ற குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 55 மில்லியன். ஒரு நல்ல குவார்ட்டர்பேக் இந்த விலைக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தால், சம்பள உச்சவரம்புக்குள் மிச்சமாகும் பணத்தில் ஒரு முழுத் தற்காப்பு வரிசையையே கட்டலாம். ஆகவே ஆசை நியாயமானது. எப்போது ஏறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016இல் பன்னிரண்டு ஆட்டங்களில் வென்ற கன்சாஸ் சிட்டி, குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் கையில் இருக்கும்போதே, 2017இல் 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்கு ஏறி இளம் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அதற்காகக் கொடுத்த 2018ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு 22ஆவதாக வந்தது. வெல்லும் அணி கொடுக்கும் வருங்காலம் மலிவானது. மஹோம்ஸ் முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தொடங்கினார். அவரை அவசரப்படுத்த வேண்டிய நிலை அணிக்கு இல்லை.

தேர்வுகளைக் குவித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2012இல் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினுக்காக வாஷிங்டன் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. 2014 டிசம்பரில் ராம்ஸ் வாஷிங்டனில் ஆடியபோது, பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் அந்தப் பேரத்தால் வந்த ஆறு வீரர்களை அணித்தலைவர்களாக நாணயம் சுண்டுவதற்கு நடுக்களத்துக்கு அனுப்பினார். அன்றைய ஆட்டத்தைத் தொடங்கும் இடம்கூட அப்போது கிரிஃபினிடம் இல்லை. ராம்ஸ் 24-0 என்று வென்றது. அந்த ஆறு பேர் நடந்துபோன காட்சியை இன்றும் பலர் சொல்லி மகிழ்கிறார்கள், ஆனால் 2012 முதல் 2016 வரை ஒரு பருவத்தில்கூட ராம்ஸ் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பாந்தர்ஸ் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்பதாம் இடத்தில் நின்று, மூரை வைத்துக்கொண்டு, தாக்குதல் வரிசையைக் கட்டிக்கொண்டு, ஓர் ஆண்டு பொறுத்திருக்க வேண்டும். 2024 டிராஃப்ட்டின் முதல் மூன்று தேர்வுகளும் குவார்ட்டர்பேக்குகள். அவர்களில் இரண்டாமவரான ஜேடன் டேனியல்ஸ் முதல் ஆண்டிலேயே வாஷிங்டனுக்குப் பன்னிரண்டு வெற்றிகளைத் தந்தார். பாந்தர்ஸ் அந்த ஆண்டு எந்த இடத்தில் நின்றிருந்தாலும், முழுப் பையுடன் நின்றிருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் சிறந்தவரை எடுக்க வேண்டும் என்பதே. பால்டிமோர் ரேவன்ஸ் 1996இல் தன் முதல் டிராஃப்ட்டைச் சந்தித்தபோது, உரிமையாளர் ஆர்ட் மோடெல் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கான லாரன்ஸ் ஃபிலிப்ஸை விரும்பினார். வீரர் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸி நியூசம் நான்காவது தேர்வில் தாக்குதல் வரிசை வீரரான ஜோனத்தன் ஆக்டனை எடுத்தார். 26ஆவது தேர்வில் ரே லூயிஸ் வந்தார். இருவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள், ஃபிலிப்ஸின் என்எஃப்எல் வாழ்க்கை சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனது. ஆக்டனுக்கு உரிய லெஃப்ட் டேக்கிள் (தாக்குதல் வரிசையின் இடது ஓரம்) இடத்தில் அப்போது டோனி ஜோன்ஸ் இருந்தார். அதனால் ஆக்டனை ஓர் ஆண்டு அதற்கு அடுத்த இடமான லெஃப்ட் கார்டில் ஆட வைத்துவிட்டு, மறு ஆண்டு ஜோன்ஸை டென்வருக்கு அனுப்பி அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.