கணவன் மனைவியாகச் சேர்ந்து ஜியோகேச்சிங் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அனுபவம் எப்படி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நானும் என் கணவரும் போகிறோம். அமெரிக்காவில் ஒரெகன் மாநிலம், போர்ட்லண்ட் நகருக்கு மேற்கே குடியிருக்கிறோம். சனிக்கிழமை மழை கொட்டவில்லை, வெறும் தூறல்தான் என்றால் கிளம்பிவிடுவோம். தூறலே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் இந்த ஊரில் வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாது.

கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பணம் கிடையாது. இதை என் மாமியாரிடம் விளக்கியபோது, "இதுக்கா ரெண்டு பேரும் போய் மழையில நனையறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

இந்த விளையாட்டு பிறந்ததே எங்கள் மாநிலத்தில் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். உடனே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் போர்ட்லண்டுக்குத் தென்கிழக்கே பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து, இடத்தின் எண்களை ஓர் இணையக் குழுவில் எழுதினார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். வாளிக்குள் புத்தகம், கொஞ்சம் பணம், உண்டிவில் இவற்றோடு ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம். இன்று வாளி இல்லை. அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. சாலையோரம், மரங்களுக்கு நடுவே, விவரம் தெரியாதவர் கண்ணில் படாமலே கிடக்கும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அதைப் பார்க்க வருகிறார்கள்.

சரி, யோசனைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். திறந்த வெளியிலேயே போன் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டலாம். ஒளித்துவைத்தவரின் கருவிக்கும் அதே பிழை இருந்திருக்கும். அதற்குமேல் எங்கள் ஊர் டக்ளஸ் ஃபர் மரங்கள். ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது மீட்டர் உயரம். சமிக்ஞை மரத்தில் பட்டுத் தெறித்து வருவதால் திரையில் அம்பு வலது பக்கம் காட்டும், நாம் நகர்ந்தால் முதுகுப் பக்கம் காட்டும். அந்த அம்பின் பின்னால் சுற்றிச் சுற்றி நடப்பது வீண் வேலை.

அந்த நேரத்தில் இரண்டு பேராக இருப்பது பெரிய வசதி. என் கணவர் எண்களை நம்புகிறவர். சராசரி எடுப்பார், இரண்டு திசையிலிருந்து நடந்துவந்து கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பார்ப்பார். நான் பாதையிலேயே நின்றுகொண்டு, 'இதை ஒளிக்க வந்தவர் எந்த இடத்தில் பாதையைவிட்டு இறங்கியிருப்பார்?' என்று யோசிப்பேன். பெரும்பாலும் மிகவும் சிரமப்பட்டிருக்க மாட்டார். பெரிய மரம், விழுந்த கட்டை, அறுத்த அடிமரத்தின் பொந்து என்று கண்ணுக்கு எது தனியாகத் தெரிகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். காட்டில் விழும் குச்சிகள் தாறுமாறாகத்தான் கிடக்கும். கைநீளத்துக் குச்சிகள் ஆறேழு ஒரே திசையில், அடுப்புக்கு அடுக்கிய விறகு மாதிரி படுத்திருந்தால் அது மனிதக் கை. குச்சிகளை ஒதுக்கினால் அடியில் பெரணிச் சருகு, சருகுக்கடியில் பச்சை வண்ணம் பூசிய ராணுவத் தோட்டாப் பெட்டி. பக்கவாட்டுக் கொக்கியைத் தட்டித் திறந்தால் ஈர வாடை. உள்ளே ஜிப் பையில் ஒரு நோட்டு, ஒரு பொம்மைக் கார், யாரோ போட்ட ஜப்பான் நாணயம். அந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிப் படிப்பதற்கென்றே நான் போகிறேன் என்றும் சொல்லலாம்.

நகரத்தில் கதை வேறு. டப்பா விரல் நகம் அளவுக்குக்கூடச் சிறிதாக இருக்கும். பாலத்துக் கைப்பிடியில் நான்கு திருகாணி இருந்து, மூன்று துருப்பிடித்து ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், காந்தமாக இருக்கலாம். கடை வாகன நிறுத்தங்களில் விளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு தகர மூடி இருக்கும். தூக்கினால் எழும் என்பது இந்த விளையாட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த வகை எனக்குப் பிடிக்காது. கண்டுபிடித்த டப்பாக்களின் கணக்கு ஏறும், அவ்வளவுதான்.

ஜோடியாகப் போகிறவர்களுக்குச் சண்டை வராமலிருக்க இரண்டு ஏற்பாடு. ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் கத்தக் கூடாது. நான்கு எட்டுத் தள்ளி வந்து நின்று, "பார்த்தாச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும்; மற்றவர் தானாகத் தேடிக்கொள்ளட்டும். (என் கணவர் பார்த்துவிட்டால் தன்னையறியாமல் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் "பார்த்தாச்சு" சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.) இரண்டாவது, எவ்வளவு நேரம் தேடுவது என்பதைக் காரைவிட்டு இறங்கும் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால், "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" "போதுங்க, இருட்டுது" என்று அரை மணி நேரம் ஓடும்.

தொடக்கத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் சிரமத்துக்கு ஒன்று, நிலத்தின் சிரமத்துக்கு ஒன்று என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் இருக்கும். இரண்டும் 2-க்குள், அளவு 'ஸ்மால்' அல்லது 'ரெகுலர்', கடந்த மாதத்துக்குள் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். கடைசி மூன்று, நான்கு பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் டப்பா அங்கே இல்லாமலே போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். அதிகாரப்பூர்வச் செயலியில் எல்லாவற்றையும் பார்க்கச் சந்தா கேட்கும். முதல் சில மாதம் இலவசக் கணக்கே போதும்.

பையில் பென்சில் வையுங்கள். ஈரத் தாளில் பேனா எழுதாது. குட்டி டப்பாவின் சுருட்டிய தாளை எடுக்கப் புருவம் திருத்தும் இடுக்கி. கையுறை, டார்ச், தண்ணீர், பவர் பேங்க். கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் பல இடங்களில் டவர் கிடைக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பொந்துக்குள் கை விடும் முன் குச்சியை விட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பாய்சன் ஓக் என்ற செடி உண்டு. காம்புக்கு மூன்று இலை. தெரியாமல் உரசினால் அரிப்பும் கொப்புளமுமாக இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தும். பட்டதாகச் சந்தேகம் வந்தாலே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறுங்குச்சியும் அதே வேலையைச் செய்யும்.

டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றைப் போடுவது மரியாதை. தின்பண்டம் வேண்டாம், வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துக் குதறிவிடும்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களை, விளையாடுகிறவர்கள் 'மகிள்' என்பார்கள். அவர்கள் பார்க்கும்போது எடுக்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் ரகசியம் காக்கிறேன் என்று திருட்டு முழி முழிக்காதீர்கள். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒருவர் தெருவில் டப்பாவைத் தேடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட, கடைத்தெருவையே காலி செய்து ராணுவம் வந்து அதை வெடிக்கச் செய்தது. போலீஸ் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொல்லி, போனில் அந்த டப்பாவின் இணையப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நம் நிறத்தில் இரண்டு பேர், இருட்டில், யார் வீட்டு வேலியோரமோ டார்ச் அடித்துக்கொண்டு நிற்பது எல்லார் கண்ணுக்கும் விளையாட்டாகத் தெரியாது. குடியிருப்புப் பகுதி டப்பாக்களை நாங்கள் பகலில் மட்டும் தேடுகிறோம். வேலியை ஒட்டியிருந்தால் பகலிலும் விட்டுவிடுகிறோம். இங்குள்ள நண்பர்கள் சிலர் இதை அதிகப்படியான பயம் என்கிறார்கள். இருக்கட்டும்.

கடைசியாக, இந்தியாவுக்கு விடுமுறையில் போகும்போது அங்கேயும் ஒன்று ஒளித்துவைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். டப்பாக்களைப் பதிவுசெய்யும் ஜியோகேச்சிங் தளம் பொதுவாக ஒப்புக்கொள்ளாது. டப்பா நனைந்தால், தாள் தீர்ந்தால் போய்ப் பார்த்துச் சரிசெய்ய அருகில் ஆள் வேண்டும். பழைய டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. உள்ளூரில் இருக்கும் தம்பி, தங்கை யாராவது பொறுப்பெடுத்தால் முடியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை மட்டும் பெட்டியில் போடாதீர்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள். சாதாரணப் போனே போதும்.