அமெரிக்காவின் தென்மாநிலச் சிற்றூர்களில் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

தென்மாநிலம் என்று பொதுவாகப் பேசினால் டெக்சாஸும் வரும், வர்ஜீனியாவும் வரும். அதனால் எனக்குப் பழக்கமான ஒரே ஊரை வைத்துப் பதில் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டியில் இருக்கும் ஜீஸ் பெண்ட். வரைபடத்தில் பாய்கின் என்று போட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மொத்தமே 200 பேருக்குச் சற்று மேல்தான். அத்தனை பேரும் கறுப்பின மக்கள் என்றே சொல்லிவிடலாம்.

மாண்ட்கோமரியில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. செல்மாவைத் தாண்டி முதல் முறை தெற்கே போனபோது, உழுது போட்டிருந்த ஒரு வயலைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டேன். எங்கள் ஊர் மண் போலவே கறுப்பு. பருத்திக்கென்றே பிறந்த மண். அந்தப் பகுதிக்கே பிளாக் பெல்ட் என்றுதான் பெயர். முதலில் மண்ணின் நிறத்தால் வந்த பெயர் அது. அந்த மண்ணில் பருத்தி எடுக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள்தான் இன்றும் அங்கே பெரும்பான்மை.

அலபாமா ஆறு ஓர் இடத்தில் குதிரை லாடம் மாதிரி வளைகிறது. அந்த வளைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது ஊர். மூன்று பக்கம் தண்ணீர், உள்ளே வர ஒரே சாலை. எதிர்க்கரையில் காம்டன். கோர்ட், ஆஸ்பத்திரி, கடைகண்ணி எல்லாம் அங்கேதான். கார் ஏற்றிக்கொண்டு போகும் ஃபெர்ரிப் படகில் போனால் கால் மணி நேரம். சாலை வழியாகச் சுற்றினால் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். ஊரில் யாரிடம் எதைப் பற்றிப் பேசினாலும், பேச்சு சுற்றி வந்து இந்த ஆற்றில்தான் நிற்கும். ரேஷன், மாத்திரை, கல்யாணம், சாவு, வோட்டு எல்லாவற்றுக்கும் அக்கரைக்குப் போயாக வேண்டும்.

அந்த ஃபெர்ரியை 1962-இல் நிறுத்திவிட்டார்கள். தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வோட்டுரிமை கேட்டு எழுந்துகொண்டிருந்த காலம். வில்காக்ஸ் கவுண்டியில் வெள்ளையர்களைவிட அவர்களே அதிகம். ஆனாலும் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரே ஒரு கறுப்பினத்தவரின் பெயர்கூட இல்லை. பெயர் பதிய காம்டன் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்குப் படகு வேண்டும். படகை நிறுத்திவிட்டால் வர மாட்டார்கள் என்று வெள்ளை அதிகாரிகள் நினைத்தார்கள். சுற்றுவழிச் சாலையில் அப்போது ஊர்ப் பக்கம் தார்கூடக் கிடையாது. ஆனாலும் ஊர்க்காரர்கள் போனார்கள். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கொட்டும் மழையில் ராத்திரி நேரத்தில் இந்த ஊருக்கு வந்து, பிளெசன்ட் குரோவ் பாப்டிஸ்ட் சர்ச்சில் பேசினார். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. படகு மட்டும் வரவில்லை. அது திரும்ப ஓடியது 2006-இல். நாற்பத்து நான்கு வருடம்! படகு நின்றபோது கைக்குழந்தையாக இருந்தவர் பேரன் எடுத்த பிறகுதான் அதில் ஏறியிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும், இப்போது எழுதும்போதும் வருகிறது. கால் மணி நேரத் தூரத்தை ஒரு மணி நேரமாக்குவதற்கு ஓர் உத்தரவு போதுமாக இருந்திருக்கிறது. பிரசவ வலி வந்தவளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கடந்திருக்கிறார்கள்.

இப்போது ஓடுவது மின்சாரப் படகு. 2019-இல் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு பேட்டரி வைத்தார்கள். சத்தமே இல்லாமல் போகிறது. ஆற்றில் வெள்ளம் ஏறினால் நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குப் பழைய சுற்றுவழிதான். ஒரு முறை என் காருக்கு முன்னால் நின்ற பிக்கப் வண்டியில், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். கரை தட்டும் வரை பெட்டி மேலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சரி, பழைய கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் இங்கே பருத்திப் பண்ணை போட்டார், ஊர்ப் பெயர் அப்படி வந்தது. பிறகு பண்ணை கடனுக்காக மார்க் பெட்வே என்ற உறவினர் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளை இங்கே நடத்தியே கூட்டிவந்தார். அவர்களுக்கு அவர் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் ஊரில் பலர் பெட்வேதான். "பெட்வே வீடு எது?" என்று கேட்டால் எந்த வீட்டையும் காட்டலாம். ஆனால் வயதான பெண்களைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தென்மாநில வழக்கமே இல்லை. பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துச் சொல்வார்கள். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவரும் மிஸ்தான். நம் ஊரில் பெயரோடு அக்கா, அத்தை என்று ஒட்டிக்கொள்வதைப் போல, அதில் மரியாதையும் இருக்கும், நெருக்கமும் இருக்கும்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், உப்பு எல்லாம் அக்கரை வியாபாரியிடம் கடன், பருத்தி எடுத்த பிறகு கணக்கு. நோட்டு அவர் கையில். அந்த வியாபாரி இறந்துபோனதும் 1932-இல் அவர் வீட்டார் கடனுக்கு ஜப்தி செய்ய ஆள் அனுப்பினார்கள். கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, கலப்பை, களஞ்சியத்தில் இருந்த மக்காச்சோளம், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுமார் அறுபது குடும்பங்கள் குளிர்காலத்துக்கு முன்னால் வெறுங்கையாக நின்றன. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவில்தான் உயிர் பிழைத்தார்கள். நான் சின்ன வயதில் கேட்ட பருத்திக் கமிஷன் கடைக் கதைகளும் கிட்டத்தட்ட இதேதான். அதனாலோ என்னவோ இந்தக் கதை எனக்குப் புதிதாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. ரூஸ்வெல்ட் அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கிப் பிரித்து, வீடு கட்டி, குறைந்த வட்டிக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே விற்றது. ரூஸ்வெல்ட் வீடுகள் என்று இப்போதும் சொல்கிறார்கள். சில வீடுகள் முன்னும் பின்னும் சேர்த்துக் கட்டப்பட்டு இன்றும் நிற்கின்றன. என் கணிப்பில் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது இதுதான். பக்கத்து ஊர்களில் வோட்டுக்குப் பெயர் கொடுத்த வாரக்குடிகளைப் பண்ணைக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். இங்கே அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காலடி மண் அவரவர் பட்டா. ஆனால் அதிலும் ஆற்றோர நல்ல நிலம் கொஞ்சம் போய்விட்டது. கீழே மில்லர்ஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் அணை கட்டியதும் தண்ணீர் ஏறி மூழ்கடித்துவிட்டது.

இந்த ஊரை உலகத்துக்குத் தெரிய வைத்தது குயில்ட். பழந்துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்துத் தைக்கும் கனத்த போர்வை. அது அழகுக்கு ஆரம்பித்தது இல்லை. அந்தக் காலத்து மர வீடுகளில் பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டுவார்கள், அது போதாமல் ஒருவர் மேல் நாலைந்து குயில்ட் போர்த்துவார்கள். வேலைக்குப் போட்டுக் கிழிந்த ஜீன்ஸ், சட்டை, உரச்சாக்கு, மாவுச்சாக்கு எல்லாம் அதற்குத்தான். நடுவில் வைக்கும் பஞ்சு ஜின்னிங் மில் தரையில் கூட்டி எடுத்தது, குச்சியால் அடித்துப் பதமாக்கினது. இனித் தாங்காது என்கிற அளவுக்குக் கந்தலான குயில்டைக் கொசுவுக்குப் புகைபோட எரிப்பார்கள்.

1965 கடைசியில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் கொடியில் காய்ந்த குயில்ட்களைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மறு வருடம் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1972-இல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்ட்ராய் என்ற வரிவரியான கனத்த துணியில் தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. அதில் மிஞ்சிய துண்டுகள் வீடு வீடாகப் போயின. அந்தக் காலத்துக் குயில்ட்களைப் பார்த்தால் ஆரஞ்சும் பாசிப்பச்சையும் கடுகு மஞ்சளுமாக இருக்கும், எல்லாம் அந்தக் கார்ட்ராய்தான். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னியிலும் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் இந்தக் குயில்ட்களின் படம் போட்ட பத்துத் தபால்தலைகள் வந்தன. விற்ற காசு யாருக்குப் போனது என்று நடுவில் வழக்குகளும் நடந்து சமரசமாயின. இப்போது பலர் இணையத்தில் தாங்களே விற்கிறார்கள். கூட்டாகத் தைக்கும் பழைய இடத்தில் சாயங்காலம் வரை பேச்சும் பக்திப் பாட்டும் கேட்கும்.

அந்தப் போர்வைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் எட்டு மாதம் நோயில் கிடந்து இறந்துபோனார். 1942-இல் அவருடைய வேலைத் துணிகளை எடுத்து, மகள் அர்லோன்சியாவையும் கூட வைத்துக்கொண்டு கிழித்து, ஒரு குயில்ட் தைத்தார். அவர் நினைவாக இருக்கட்டும், அன்புக்கு இதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்றாராம். மகள் வயதான பிறகு சொன்னது இது.

எனக்கு ஒரு மூதாட்டி காட்டியது அதுவல்ல, அவர் வீட்டுக் கட்டிலில் கிடந்த சாதாரண டெனிம் குயில்ட். நீல நிறம் முழுக்க வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ஆனால் அங்கங்கே சின்னச் சதுரமாகக் கருநீலம். என்ன என்று கேட்டேன். "பை இருந்த இடம். அங்கே வெயில் படவில்லை" என்றார். அதற்குக் கீழே வெள்ளையாக வட்டமாக இருந்தது முழங்கால். முழங்கால் போட்டுக் களை எடுத்த ஓர் ஆளின் உடம்பு அப்படியே அந்தத் துணியில் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பை இருந்த இடத்தில் துணி இன்னும் முரடாகவே இருந்தது.

மற்றபடி அன்றாடம் என்றால், எதிரே வரும் வண்டிக்காரர் யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார், நாமும் தூக்க வேண்டும். ஞாயிறு முழுக்க சர்ச். வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விட மாட்டார்கள். மக்காச்சோள ரொட்டி, கீரை, காராமணி, சர்க்கரைவள்ளி, மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய். வெண்டைக்காய் அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இளவட்டங்கள் வேலைக்காக மொபீலுக்கும் அட்லாண்டாவுக்கும் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறைவு. ஊரில் ஒரு பெரிய கடைகூட இல்லை. இதைக் குறையாகச் சொன்னவர்களும் அடுத்த பேச்சிலேயே, பேரன் அடுத்த மாதம் வருகிறான், வீட்டுக்குப் பின்னால் அவனுக்கு இடம் விட்டிருக்கிறேன் என்று காட்டுவார்கள்.

எங்கள் அப்பத்தாவும் பழைய சேலைகளை அடுக்கி ஓரம் தைத்து விரிப்பு செய்யும் என்று அந்த மூதாட்டியிடம் சொல்லியிருந்தேன். உள்ளே பஞ்சு இல்லையா என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த வருடம் ஊருக்குப் போய் வந்தபோது அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்த்தார். தையல் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கண். நடுவில் ஓரிடத்தில் நூல் நிறம் மாறியிருந்தது. "இங்கே நூல் தீர்ந்துபோச்சு" என்றார். ஆமாம், தீபாவளிக்கு முந்தின நாள், கடை பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் பச்சை நூல் வாங்கி முடித்தது என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அந்தப் பச்சைத் தையல் மேலேயே கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். அப்புறம் அப்பத்தாவின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடைசிப் படகுக்கு நேரமாகிறது, கிளம்பு என்றார்.