யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு நல்ல முதியோர் இல்லம் பார்ப்பது எப்படி?

அம்மாவுக்கு 78 வயது, கொக்குவில் வீட்டில் தனியே இருக்கிறார், இன்சுலின் போடுகிறார், அண்மையில் விழுந்தும்விட்டார், பிள்ளைகள் எல்லோரும் கனடாவில் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெரியம்மாவுக்காக இதே அலைச்சல் பட்டவன் நான்.

எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: அம்மா படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பீர்களா? பல இல்லங்கள் தன் அலுவலைத் தானே பார்க்கக்கூடியவர்களைத்தான் சேர்க்கும். நடை நின்றதும் "வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று போன் வரும். டொரொன்டோவில் இருந்துகொண்டு அன்றைக்கு என்ன செய்வீர்கள்? பெரியம்மாவுக்கு நாங்கள் முதலில் பார்த்த இடம் வடிவான இடம். பெரிய முற்றம், மாமர நிழல், பக்கத்தில் கோயில். ஆனால் இரவில் சமையலுக்கு நிற்கும் அம்மா ஒருவர்தான் அங்கே தங்குவார். அதனாலேயே வேண்டாம் என்றோம். படுத்த படுக்கையானவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது திருப்பிவிடாவிட்டால் புண் வந்துவிடும். அதை ஒரு ஆள் தனியே செய்ய முடியாது.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றும் உண்டு. இன்சுலின் போட்டபின் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கி மயக்கம் வரும். ஊசி யார் போடுவது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போய்ப் பார்க்க ஊரில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது அனுப்புங்கள்.

அவசரத்துக்கு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், யாழ் போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுபோகும். அப்புறம் வார்ட்டில் கூட நிற்பது யார்? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அநேகமாக மறந்துவிடுவது இதைத்தான். இல்லம் ஆள் விடுமா, அதற்குத் தனிக் காசா என்று முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்குங்கள்.

2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டப்படி இப்படியான இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரித்தால், பதிவோடு சேர்த்து அந்த இல்லத்தைப் பற்றி நாலு விஷயமும் தெரியவரும். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. அது ஆதரவற்றவர்களுக்கானது. காசு அனுப்பக்கூடிய பிள்ளைகள் அங்கே இடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காணியையோ வீட்டையோ எழுதித் தரச் சொல்லும் இடத்தின் பக்கமே போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் அம்மாவிடம் கேட்டீர்களா? சனம் என்ன கதைக்கும் என்று பயந்து, கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவரே வந்து பார்க்கட்டும், ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அதுவரை கொக்குவில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டாம்.