தண்ணீர்தான் சைலன்சர்

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போக பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் 60 குதிரைவலு, இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டார். பழையதாக வாங்கினேன். முதலில் வைத்திருந்தவர் வேகத்துக்காக மோட்டாரை உயர்த்திப் பூட்டி, எக்ஸோஸ்ட்டையும் "திறந்து விட்டதாக"ச் சொன்னார். இப்போது சத்தம் தாங்க முடியவில்லை. அக்கரை லயத்து ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள், பங்களா ஹோட்டல்காரர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். ஒரு வேன் சைலன்சரைப் பொருத்தலாமா? வேகம் குறையக்கூடாது. (நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, வேன் சைலன்சர் வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வெல்டிங் பாஸும் அரை நாளில் ஒட்டித் தருவார், அது சரி. ஆனால் வேனில் வருவது காய்ந்த புகை. உங்கள் மோட்டாரின் புகையில் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீரும் கலந்து வரும். அந்த ஈரம் தகரத்தைச் சீக்கிரமே தின்றுவிடும். தகரம் போனால் போகட்டும், அதற்குள் உங்கள் எஞ்சினுக்கு மூச்சுத் திணறிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வழியின் நீளமும் அகலமும் அளந்து வைத்தவை. புகையோடு வெளியே நழுவப் பார்க்கும் புதுப் பெற்றோல் கலவையைத் திரும்பி வரும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. அந்த வழியில் எதையாவது செருகினால் அந்தக் கணக்கு குழம்பிவிடும்.

அதோடு, அவுட்போர்ட் மோட்டாருக்கு ஏற்கெனவே சைலன்சர் இருக்கிறது. அந்தக் குளம் முழுவதும் சைலன்சர்தான். சிலிண்டரை விட்டு வரும் புகை மோட்டாரின் காலுக்குள் இறங்கி, ட்யூனர் என்ற விரிந்த குழாயைக் கடந்து, கீழே தண்ணீரோடு கலந்து குளிர்ந்து, புரொப்பெல்லரின் நடுக்குழாய் வழியாக நீருக்கடியில் போய்ச் சேரும். படகு நிற்கும்போதோ மெதுவாகப் போகும்போதோ மட்டும் வெளியே உள்ள தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகப் புகைக்குப் பலம் போதாது. அதற்காகக் காலின் பின்பக்கம், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் செய்ததும் கேட்கிற "பொட் பொட்" அங்கிருந்து வருவது. அது பழுதல்ல.

ஆகவே சத்தம் அளவுக்கு மீறினால் காரணம் இரண்டில் ஒன்று. புகை தண்ணீருக்குள் போகவில்லை, அல்லது தண்ணீர் புகைக்குள் வரவில்லை. உங்கள் படகில் முதலாவது நிச்சயம், இரண்டாவதும் இருக்கலாம்.

மோட்டாரை ஏன் உயர்த்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் பன்னிரண்டு வருடம் நீர்கொழும்பில் மீன்பிடிப் படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன். ஹட்டனுக்கு வந்த புதிதில், கடலில் பறந்த அதே எஞ்சின் இங்கே சோம்பிக் கிடப்பதைப் பார்த்து நானே திகைத்தேன். விஷயம் மலையின் மெல்லிய காற்றில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் குறையும். காசல்ரீ ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. உங்கள் 60 குதிரைவலு அங்கே 54க்குப் பக்கத்தில்தான். நுவரெலியா கிரகரி வாவிக்கு ஏற்றினால் 50 கூடத் தேறாது. வேகம் போய்விட்டதே என்று பதறுகிறவர் என்ன செய்வார்? காலைத் தண்ணீரிலிருந்து உயர்த்தினால் இழுவை குறைந்து இரண்டு மைல் கூடும். ஆனால் புரொப்பெல்லரின் நடுக்குழாய் நுரைக்கும் காற்றுக்கும் திறந்துவிடும். அக்கரையில் கேட்கிற சத்தம் அதுதான். மலைக்காற்று எடுத்துக்கொண்ட பலத்தை அவர் மோட்டாரை உயர்த்திப் பிடித்து மீட்கப் பார்த்திருக்கிறார். நோய் வேறு, மருந்து வேறு.

படகைக் கரையேற்றி, அடிப்பலகைக்கு நேராக ஒரு மட்டக்கோலைப் பின்பக்கம் நீட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு நீண்டிருக்கும். அந்தத் தட்டு அடிப்பலகையின் மட்டத்திலோ, அதிகம் போனால் ஓர் அங்குலம் மேலேயோ இருந்தால் சுற்றுலாப் படகுக்குப் போதும். மூன்று நான்கு அங்குலம் மேலே இருந்தால் அது போட்டிப் படகின் அளவு. ஜாக் பிளேட் என்ற தாங்கியில் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு, சுமார் எட்டுப் பத்து அங்குலம் பின்னால் போனதற்கு ஓர் அங்குலம் உயர்த்தலாம். மோட்டாரை ஒரு போல்ட் துளை இறக்கிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்த துளை. ஓடும்போது ட்ரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, அளவுக்கு மீறி வெளியே தள்ளினாலும் இதே கதைதான். பின்னால் தண்ணீர் சேவல் வால் மாதிரி எழும்பினால் கொஞ்சம் உள்ளே இழுங்கள்.

அப்படியானால் போன வேகம்? அதைப் புரொப்பெல்லரில் தேடுங்கள். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம். கடல் மட்டத்துக்கென்று தேர்ந்த பிட்ச் மலையில் அதிகம். எஞ்சின் முழு த்ரொட்டிலில் கையேட்டில் சொன்ன சுழற்சியை எட்டாமல் முக்கிக்கொண்டே ஓடும். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடும். இரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள், ஆட்களோடு படகு எழும்பும் வேகத்தில் வித்தியாசம் தெரியும். உச்ச வேகம் கடலில் ஓடியதுபோல் வராது, அதை யாராலும் தர முடியாது. வாங்கும்போது புகை நடுக்குழாய் வழியாகக் கடைசி வரை போய் வெளியேறுகிற புரொப்பெல்லரா என்று பாருங்கள், பின் விளிம்பு சற்று விரிந்திருந்தால் இன்னும் நல்லது. போட்டிக்கான சிலவற்றில் அந்தக் குழாயையே குட்டையாக வெட்டியிருப்பார்கள். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டதானால் சத்தத்தில் ஒரு பங்கு அதனுடையது.

சரி, "திறந்து விட்ட" கதைக்கு வருவோம். திறப்பது என்றால் சாதாரணமாக இரண்டு வேலை. ஒன்று, காலின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு மேலே துளை போடுவது. மற்றது, உள்ளே ட்யூனரை வெட்டிக் குட்டையாக்குவது. துளை வெளியே தெரியும். புட்டியாலோ எபொக்சியாலோ அடைக்காதீர்கள், சூடும் அதிர்வும் அதைக் கழற்றிவிடும். அலுமினியம் வெல்ட் செய்யத் தெரிந்தவரிடம் உட்பக்கம் சுத்தம் செய்து ஒட்டச் சொல்லுங்கள். ட்யூனர் வெட்டப்பட்டதா என்று தெரிய பவர்ஹெட்டை, அதாவது காலுக்கு மேலேயுள்ள எஞ்சினை, தூக்க வேண்டும். வெட்டியிருந்தால் ஒட்டுவேலை வேண்டாம், அதே மொடல் எஞ்சினின் பழைய ட்யூனர் ஒன்றை நீர்கொழும்புப் பக்கம் தேடி வாங்குங்கள். தூக்கிய கையோடு பவர்ஹெட்டுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். அந்த மூட்டில் கறுப்புக் கோடு கோடாகக் கரி வழிந்திருந்தால் அங்கேயும் கசிவு இருந்திருக்கிறது.

இந்தக் கசிவைச் சத்தத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். மூடிக்குள் புகை கசிந்தால் எஞ்சின் தன் புகையையே திரும்ப மூச்சில் இழுத்துப் பலம் இழக்கும். பின் இருக்கையில் இருப்பவர் அதையே சுவாசிப்பார். அந்தப் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற விஷவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. பயணிக்குத் தலைவலி வந்தால் "அலையில் வரும்" என்று சமாளித்து விடுகிறோம். அப்படி விடாதீர்கள்.

தண்ணீர் புகைக்குள் வருகிறதா என்று பார்ப்பது சுலபம். எஞ்சினின் பக்கத்தில் ஒரு சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் அல்லவா? அது தளர்ந்து சொட்டினால், முதலில் ஒரு தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அடைப்பை எடுங்கள். வறட்சியில் குளம் வற்றும்போது சேறும் மணலும் அதற்குள் போவது சகஜம். அப்படியும் சரியாகாவிட்டால் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெலர் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். தண்ணீர் குறைந்த புகை சூடாக, காய்ந்து, பெரும் சத்தத்தோடு வரும். திடீரென்று ஒரு நாளில் சத்தம் கூடியதானால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். உயர்த்திப் பூட்டிய மோட்டாரில் தண்ணீர் உறிஞ்சும் துவாரமே காற்றை உறிஞ்சும், இறக்கினால் அந்த ஆபத்தும் போகும்.

மேல்மூடியின் ஓரத்து ரப்பர் போயிருந்தால் காற்று இழுக்கும் சத்தம் தனியாக இரையும். ஒரு தாளை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தாராளமாக வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றுங்கள். மூடிக்குள் மெத்தைப் பஞ்சை ஒட்டும் யோசனை சிலருக்கு வரும். அது எண்ணெயையும் பெற்றோலையும் குடித்துக்கொண்டு தீப்பிடிக்கக் காத்திருக்கும்.

நின்ற இடத்தில் வரும் "பொட் பொட்" ஹோட்டல்காரரை எழுப்புகிறது என்றால், அந்தச் சின்னத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், எஞ்சின் மெதுவாக ஓட முடியாமல் நின்றுபோகும். துளையின் அகலத்துக்குக் குறையாத ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, எங்கும் வளைந்து தண்ணீர் தேங்காமல் கீழ்நோக்கி இறக்கி, நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நிறுத்துங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தினால் எஞ்சினை நிறுத்தும்போது நீர் மேலே இழுபடலாம்.

வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஃபோனில் உள்ள டெசிபல் செயலி துல்லியமில்லை, ஆனால் அதே ஃபோனை அதே இடத்தில் பிடித்தால் வித்தியாசம் காட்டும். கரையில் ஒருவரை நிறுத்தி 25 மீற்றர் தூரத்தில் கடந்து போங்கள். ஐரோப்பாவில் 40 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒற்றை மோட்டாருக்கு அந்தத் தூரத்தில் 75 டெசிபல்தான் எல்லை. உங்கள் 60 குதிரைவலு ஏறத்தாழ 45 கிலோவாட். தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. 25 மீற்றரில் 75 என்றால் 200 மீற்றரில் 57. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் சொல்வது 55. அது படகுக்கென்று எழுதியதல்ல, ஆனாலும் முறைப்பாடு எந்த இடத்தில் தொடங்கும் என்று அதிலிருந்து புரியும். இரு கரைக்கும் விலகி, குளத்தின் நடுவில் வேகம் பிடியுங்கள்.

ஆனால் அந்தக் கணக்கு விடியற்காலையில் பொய்த்துவிடும். இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து வழிந்து குளத்தின் மேல் தேங்கி நிற்கும், மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். மேலே போகவேண்டிய சத்தம் அந்தச் சூட்டில் வளைந்து திரும்பவும் நீர்மட்டத்துக்கே இறங்கும். காமன் கூத்துக் காலத்தில் இரவில் அடிக்கிற தப்பு அடுத்த தோட்டத்து லயத்தில் வாசலிலே அடிப்பதுபோல் கேட்பது தெரியும்தானே? ஆறு மணிக்கு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர்களின் காதில் உங்கள் மோட்டார் அப்படித்தான் விழுகிறது. பனி கலையும் வரை மெதுவாகவே ஓட்டுங்கள், வேகச் சவாரியை அதற்குப் பிறகு வையுங்கள். இதற்கு ஸ்பானர் தேவையில்லை, ஆனால் முறைப்பாட்டில் பாதி இதிலேயே அடங்கும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு ஸ்ட்ரோக்தான். சுற்றுலாத் தொழிலில் நிலைத்து நிற்க நினைத்தால், காசு சேர்ந்ததும் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறுங்கள். பயணிகளோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகலாம், குளத்தில் எண்ணெய் மிதப்பதும் குறையும்.

கடைசியாக ஒன்று. கறுப்புப் புகையும் கரி பிடித்த ஈரமான ப்ளக்கும் இருந்தால், கார்பரேட்டர் இந்த உயரத்துக்கு அதிகம் பெற்றோல் ஊற்றுகிறது. பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட் என்ற சின்னத் துளைத் திருகைச் சற்றுச் சிறியதாக மாற்றச் சொல்லுங்கள், இரண்டு ஸ்ட்ரோக் தெரிந்தவரிடம் மட்டும். கழற்றிய பழைய ஜெட்டுகளை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, மேலே எஞ்சின் இலக்கத்தை எழுதி வையுங்கள். நாளைக்கு இந்த மோட்டாரை நீர்கொழும்புக்கோ திருகோணமலைக்கோ விற்கும்போது அவற்றைத் திரும்பப் பூட்டியே கொடுக்க வேண்டும். மலைக்கென்று போட்ட சிறிய ஜெட்டோடு கடலில் முழு வேகம் பிடித்தால் பெற்றோலும் அதோடு வரும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.