மீத்தேன் வாயு, மெழுகு திடம்: இரண்டும் ஒரே குடும்பம் என்பது எப்படி?

மீத்தேனும் பாரஃபின் மெழுகும் (பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மெழுகு) அல்கேன்கள்தான். கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பால் மட்டும் இணைந்த ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்கள்) இவை. வளையமில்லாத அல்கேனில், கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை கிடைக்கும். வேறுபாடு சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது.

கிளையற்ற சங்கிலிகளை அறை வெப்பநிலையில் பார்த்தால், 1 முதல் 4 கார்பன் வரை வாயு: மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன். 5 முதல் ஏறத்தாழ 17 வரை திரவம். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் மூலக்கூறுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வருகின்றன. அதற்கு மேல் மெழுகு போன்ற திடம்.

காரணம் மிக அழகானது. மூலக்கூறு நீள நீள, பக்கத்து மூலக்கூறைத் தொடும் பரப்பு கூடுகிறது; அவற்றுக்கிடையிலான மெல்லிய ஈர்ப்பு விசையும் வலுக்கிறது. ஆகவே பிரித்தெடுக்க அதிக வெப்பம் வேண்டும். மீத்தேன் மைனஸ் 162 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; 5 கார்பன் கொண்ட பென்டேனுக்கு 36 டிகிரி தேவை. இங்கே மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள்: கொதிக்கும்போது கார்பன் பிணைப்புகள் உடைவதில்லை, மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பதும் இந்தக் கொதிநிலை வேறுபாட்டை நம்பியே.

நீளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நியோபென்டேனிலும் 5 கார்பன்கள்தான். ஆனால் கிளைகள் சேர்ந்து அது கோளம்போல் உருண்டிருப்பதால் தொடும் பரப்பு குறைவு; சுமார் 10 டிகிரியிலேயே கொதிக்கிறது.