அம்மாக்கு ருமட்டொயிட் எண்டா எனக்கும் வருமா?

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி கேட்டிருக்கா, அம்மாக்கு ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் (நம்மட வெள்ளணுக்களே நம்மட மூட்டுகளத் தாக்குற மூட்டு வருத்தம்), தனக்கும் வருமா, ஜீன் டெஸ்ட் எடுக்கவா எண்டு. கட்டாயம் வரும் எண்டில்ல தங்கச்சி. 6ம் குரோமோசோம்ல எச்எல்ஏ எண்டொரு ஜீன் கூட்டம் இருக்கு, எது நம்மட உடம்பு எது வெளிக் கிருமி எண்டு வெள்ளணுக்களுக்குக் காட்டிக் குடுக்கிறது அதுதான், அதில டிஆர்பி1 ஜீன்ட சில வகை இருந்தா ஆபத்து கூடும், ஆனா அந்த வகை இருக்கிற கனபேருக்கு ஒண்டும் வாறதில்ல. உரிச்சு வச்ச மாதிரி ஒரே கருவில பிறந்த இரட்டையர்லயே ஒராளுக்கு வந்தா மத்தாளுக்கு வாற சான்ஸ் 15% அளவுதான், ஜீன் அவ்வளவும் ஒண்டா இருந்தும்! மிச்சத்தில பெரிய ஆள் சிகரெட் (வீட்டுக்குள்ள ஊதுற மாமாமார வெளிய அனுப்புங்க). டெஸ்டுக்குக் காசு கரைக்காதீங்க. காலையில தேங்காய் திருவ ஏலாம விரல் மூட்டு வீங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல இறுகிக் கிடந்தா டொக்டரிட்ட காட்டுங்க, ஆர்எப், அன்ரி சிசிபி ரத்தப் பரிசோதனை அந்த நேரம் எடுத்தாக் காணும்.